கரையேற்றிய படகுக்கு யார் பொறுப்பு?

விளைச்சல் காலத்தில் வாங்கிய சரக்கை விலை வரும் வரை எங்கே வைப்பது, யார் பொறுப்பில் வைப்பது என்பது நம் வியாபாரிகளுக்குப் புதிய கேள்வி அல்ல. மிளகாய் வற்றலைக் குண்டூர் குளிர்பதனக் கிடங்கில் வைத்திருப்பவர் உண்டு. புளியையும் மல்லியையும் வெளியூர்க் கிடங்கில் அடுக்கி வைத்திருப்பவர் உண்டு. கிடங்குக்காரர் கொடுத்த ரசீது ஒரு பக்கம், இன்ஷூரன்ஸ் பாலிசி ஒரு பக்கம். இரண்டும் கையில் இருக்கின்றன என்ற தைரியத்தில் நாம் கடையில் உட்கார்ந்து வியாபாரத்தைக் கவனிக்கிறோம். அந்தத் தைரியம் எவ்வளவு தாங்கும் என்பதை அறிய வேறொரு தொழிலின் அனுபவம் நமக்கு உதவும். சீசன் இல்லாத மாதங்களில் அயல்நாட்டுக் கரையில் படகை விட்டுச் செல்கிறவர்களின் அனுபவம் அது. அதைப் பார்க்க நாம் ஜாதிக்காய்த் தீவுக்குப் போக வேண்டும்.

ஜாதிக்காய்த் தீவின் இன்னொரு தொழில்

மளிகை மொத்த வியாபாரிகளுக்குக் கிரெனடா என்ற பெயர் தெரிந்திருக்கும். கரீபியன் கடலில் உள்ள சிறிய நாடு அது. மொத்தப் பரப்பே சுமார் 344 சதுர கிலோமீட்டர்தான். 1974இல் சுதந்திரம் பெற்றபோது தன் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயைப் பதித்துக்கொண்டது. 2004 வரை உலக ஜாதிக்காய், ஜாதிபத்திரி உற்பத்தியில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் இந்தத் தீவுக்குத்தான்.

அங்கே இன்னொரு தொழிலும் நடக்கிறது. ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வரும் பாய்மரப் படகு உரிமையாளர்கள் டிசம்பர் முதல் ஏப்ரல், மே வரை கரீபியன் கடலில் சுற்றுவார்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே சூறாவளிக் காலம். ஆண்டுதோறும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து படகைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோவது நடக்கிற காரியம் அல்ல. ஆகவே படகைக் கரையேற்றி, அங்குள்ள படகுப் பட்டறையில் விட்டுவிட்டு, விமானம் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். பட்டறைக்காரர் படகின் நீளத்தைக் கணக்கிட்டு மாத வாடகை வாங்குவார். அந்த மாதங்களிலேயே பெயிண்ட் அடிப்பது, என்ஜின் பார்ப்பது, பாய் தைப்பது போன்ற வேலைகளும் நடக்கும். விடுதிக்காரருக்குச் சீசன் இல்லாத காலம் பட்டறைக்காரருக்குச் சீசன்.

நம் கடற்கரைக்கும் இது அந்நியமான வழக்கம் அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று உரக்க வீசும் மாதங்களில் தூத்துக்குடித் தோணிகள் ஓய்வெடுக்கின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஆனால் நம்மவர் படகு நம் கண் முன்னால் நிற்கிறது. அவர்கள் படகு பல ஆயிரம் மைலுக்கு அப்பால், வேறொரு நாட்டுச் சட்டத்தின் கீழ், வேறொருவர் இடத்தில் நிற்கிறது.

ஒரு கோடு வளர்த்த வியாபாரம்

இத்தனை படகுகள் கிரெனடாவைத் தேடி வந்ததற்குக் காரணம் இயற்கை அழகு மட்டும் அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வரைபடத்தில் போட்ட ஒரு கோடும் காரணம். சூறாவளிக் காலத்தில் படகு இந்த அட்சரேகைக்குத் தெற்கே இருந்தால்தான் புயல் சேதத்துக்குப் பொறுப்பு ஏற்போம் என்று பாலிசியில் எழுதினார்கள். பல பாலிசிகளில் அந்தக் கோடு 12 டிகிரி 40 நிமிட வடக்கு அட்சரேகை. கிரெனடா அந்தக் கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. கோட்டுக்குள் வந்துவிட்டால் பாலிசி செல்லும். எனவே படகுகள் வந்தன. படகுகள் வந்ததால் பட்டறைகள் பெருகின.

அந்தக் கோட்டை யாரும் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. கிரெனடாவைப் பெரிதாகத் தாக்கிய சூறாவளி என்று பெரியவர்கள் சொன்னது 1955இல் வந்த ஜேனட் ஒன்றைத்தான். ஏறத்தாழ 50 ஆண்டுகள் பெரிய சேதம் இல்லை. 50 ஆண்டு அனுபவம் என்றால் எந்த வியாபாரியும் நம்புவார். பழைய கணக்கு அடுத்த ஆண்டுக்கு ஜாமீன் அல்ல என்பது மட்டும் அதில் விட்டுப்போயிற்று.

2004 செப்டம்பர் 7

அன்று ஐவன் என்ற சூறாவளி கிரெனடாவைத் தாக்கியது. 39 பேர் இறந்தார்கள். தீவின் வீடுகளில் சுமார் 90 சதவீதம் சேதமடைந்தன. மொத்த இழப்பு அந்த நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. ஜாதிக்காய் மரங்களில் பெரும்பாலானவை சாய்ந்தன. நட்ட ஜாதிக்கன்று காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். சுமார் பத்து மாதம் கழித்து, 2005 ஜூலையில், எமிலி என்ற அடுத்த சூறாவளியும் வந்தது.

படகுகளுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்ள, அவை எப்படி நிறுத்தப்பட்டிருந்தன என்று முதலில் தெரிய வேண்டும். படகைப் பட்டை போட்டுத் தூக்கி எடுத்து, அதன் அடிக்கட்டையைத் தரையில் கட்டைகள் மேல் உட்கார வைப்பார்கள். இரு பக்கமும் இரும்பு முட்டுக்கால்கள் கொடுப்பார்கள். பாரம் முழுவதும் அடிக்கட்டையில் இருக்கும். முட்டுக்கால் படகு சாயாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இடத்துக்கு வாடகை வருவதால் படகுகளை நெருக்கமாக நிறுத்துவது வழக்கம். மழையில் மண் இளகும். பாய்மரத்தில் காற்று மோதும். படகு அசையும்போது ஒரு முட்டுக்கால் நழுவினால் போதும். முதல் படகு அடுத்த படகின் மேல் சாயும், அது அதற்கடுத்ததன் மேல் சாயும். அடுக்கிய மூட்டையில் அடிமூட்டை நழுவினால் என்ன ஆகும் என்பது கிடங்கு வைத்திருப்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிரெனடாவில் நூற்றுக்கணக்கான படகுகள் சேதமடைந்தன.

இப்படிப்பட்ட நேரத்தில் எழும் கேள்விகளைப் பாருங்கள். பக்கத்துப் படகு என் படகின் மேல் விழுந்தது. அவர் நஷ்டஈடு தருவாரா? அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபித்தால் ஒழிய அவரைப் பிடிக்க முடியாது. பட்டறைக்காரரைக் கேட்கலாமா? இப்படிப்பட்ட பட்டறைகளின் ஒப்பந்தத்தில், படகு உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிற்கிறது என்று பொடி எழுத்தில் ஒரு வரி சாதாரணமாகவே இருக்கும். மிஞ்சுவது அவரவர் பாலிசி. அதில் படகின் மதிப்பு முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டதா, அன்றைய சந்தை விலையா என்பதைப் பொறுத்துக் கைக்கு வரும் தொகை மாறும். இத்தனையையும் உரிமையாளர் வேறொரு கண்டத்தில் உட்கார்ந்துகொண்டு பேச வேண்டும். சம்பவ இடத்துக்கு ஒரே நேரத்தில் எல்லோருக்கும் சர்வேயர் வேண்டும், பாரந்தூக்கி வேண்டும். தீவில் இருப்பவர்களுக்கோ முதலில் தங்கள் வீட்டுக்குக் கூரை வேண்டும்.

புயலுக்குப் பின் மாறிய நிபந்தனைகள்

ஐவனுக்குப் பிறகு கோடு மட்டும் போதாது என்று கம்பெனிகளுக்குப் புரிந்தது. சிலர் கோட்டைத் தெற்கே நகர்த்தினார்கள். நிறுத்தும் முறையையும் கேட்கத் தொடங்கினார்கள். படகைத் தரையில் பதித்த கொக்கிகளோடு வார்பட்டையால் கட்டியிருக்கிறதா? முட்டுக்கால்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்திருக்கிறதா? பாயும் திரையும் கழற்றி உள்ளே வைக்கப்பட்டனவா? புயல் எச்சரிக்கை வந்தால் உரிமையாளர் இல்லாத இடத்தில் யார் என்ன செய்வார் என்று எழுத்தில் திட்டம் உண்டா? இவற்றுக்கு விடை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பெயர் சூட்டப்பட்ட புயலால் சேதம் என்றால் உரிமையாளர் தாமே தாங்க வேண்டிய முதல் தொகை வழக்கமானதைவிடக் கூடுதல் என்றும் பல பாலிசிகளில் எழுதினார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் நிபந்தனை என்றாலே பணம் தராமல் இருக்க ஒரு தந்திரம் என்று பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மை அல்ல. தரையில் கொக்கி பதித்த இடமும் படகு உட்காரும் இரும்புத் தொட்டிலும் தேவை என்று உரிமையாளர்கள் கேட்டதற்கு, பாலிசியில் இருந்த நிபந்தனையே பெரும் தூண்டுதல். அர்த்தமுள்ள நிபந்தனை சரக்கையும் காக்கிறது, கம்பெனியையும் காக்கிறது.

2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி கிரெனடா நாட்டைச் சேர்ந்த கரியக்கூ தீவில் சுமார் 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையைக் கடந்தது. புகலிடம் என்று நம்பி அலையாத்திக் காட்டு ஓடைக்குள் கட்டப்பட்டிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. அதே நாட்டின் பெரிய தீவில், தென்கோடியில் இருந்த படகுகளுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. இரண்டு இடமும் பழைய கோட்டுக்குத் தெற்கேதான் இருக்கின்றன. ஆகவே கோட்டுக்குள் இருக்கிறோமா என்று பார்ப்பதோடு, இருக்கும் இடம் எப்படிப்பட்டது என்றும் பார்க்க வேண்டும்.

நிபந்தனை அநியாயமாகும் இடம்

நிபந்தனை அர்த்தமுள்ளதாக இருந்தால் நாம் ஏற்கிறோம். அர்த்தம் இல்லாத இடத்திலும் அது உரிமையாளரின் கழுத்தைப் பிடிக்கலாமா? இங்கேதான் நம் கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் படகு 2019இல் புளோரிடாவில் தரைதட்டியது. 5,50,000 டாலர் வரை இன்ஷூரன்ஸ் இருந்தது. கம்பெனி பணம் தர மறுத்தது. காரணம், படகில் இருந்த தீயணைப்புக் கருவிகளை உரிய காலத்தில் சோதித்துச் சான்று வாங்கவில்லை என்பது. படகு தீப்பிடிக்கவே இல்லை! உரிமையாளர் தம் மாநிலச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டார். தகராறு வந்தால் நியூயார்க் சட்டப்படி என்று பாலிசியில் எழுதியிருக்கிறதே என்றது கம்பெனி. 2024 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கடல்சார் ஒப்பந்தங்களில் எந்த இடத்துச் சட்டம் என்று எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே பொதுவாகச் செல்லும் என்று கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிரீமியம் கட்டும்போது எத்தனை பேர் அந்த வரியைப் படித்திருப்பார்கள்?

நம் நாட்டில் நிலைமை என்ன? நம் கடல் இன்ஷூரன்ஸ் சட்டம் 1963ஆம் ஆண்டுக்குரியது. அது இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. அதில் ‘வாரண்டி’ என்று ஒன்று உண்டு. மின்விசிறிக்குக் கடைக்காரர் தரும் வாரண்டி அல்ல இது. பாலிசிதாரர் கம்பெனிக்குக் கொடுக்கும் உறுதிமொழி. குறித்த நாளில் படகு குறித்த இடத்தில் இருக்கும், இன்னபடி கட்டப்பட்டிருக்கும் என்பவை எல்லாம் இந்த வகையில் வரலாம். அந்த உறுதிமொழி ஆபத்தோடு தொடர்புடையதாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அட்சரம் பிசகாமல் நிறைவேற்றப்பட வேண்டும் என்கிறது 35ஆவது பிரிவு. மீறிய நாள் முதல் கம்பெனியின் பொறுப்பு தீர்ந்துவிடும். இழப்பு நேரும் முன்பே தவறைச் சரிசெய்துவிட்டேன் என்று சொல்லியும் தப்ப முடியாது என்று 36ஆவது பிரிவு கதவைச் சாத்துகிறது.

இதை நமக்குக் கற்றுக்கொடுத்த இங்கிலாந்து என்ன செய்தது? 2015இல் புதுச் சட்டம் இயற்றி, 2016 ஆகஸ்ட் முதல் நடைமுறைப்படுத்தியது. அதன்படி, மீறல் நீடிக்கும் காலத்துக்கு மட்டுமே பாதுகாப்பு நிற்கும். சரிசெய்தால் மீண்டும் தொடரும். நேர்ந்த இழப்பின் ஆபத்தை அந்த மீறல் கூட்டியிருக்க முடியாது என்று பாலிசிதாரர் காட்டினால், அதைச் சொல்லிக் கம்பெனி கையை விரிக்க முடியாது. மூலச் சட்டத்தை எழுதியவர்களே திருத்திக்கொண்டார்கள். நாம் மட்டும் பழைய பிரதியைப் பத்திரமாக வைத்திருப்பதில் என்ன பெருமை? நம் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35, 36 பிரிவுகளும் அதே வழியில் திருத்தப்பட வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. கடல் வழியே சரக்கு அனுப்பும் ஒவ்வொருவரையும் இது தொடும்.

தோணியில் மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கடல் சரக்குப் பாலிசிகளில் சேர்க்கப்படும் கப்பல் தர நிபந்தனை, எஃகினால் கட்டி, என்ஜினால் ஓடி, அங்கீகாரம் பெற்ற தரச்சான்று அமைப்பில் பதிந்த கப்பல்களையே கணக்கில் கொள்கிறது. மரத்தோணிக்குத் தனியே பேசித் தனியே எழுதி வாங்க வேண்டும். பொதுப் பாலிசி இருக்கிறதே என்று மூட்டையை ஏற்றுவது ஆபத்து.

நம் கிடங்குகளுக்கு வருவோம்

கடல் சட்டம் கடலுக்குரியது. கிடங்குச் சரக்குக்குத் தீ இன்ஷூரன்ஸ். ஆனால் இடம், காலம், நிபந்தனை என்ற மூன்று கயிறுகள் அங்கேயும் உண்டு. தீ இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் சில நிபந்தனைகளைப் பாருங்கள்.

பாலிசியில் குறித்த கட்டடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றிய சரக்குக்குப் பாதுகாப்பு இல்லை. சரக்கு வைத்த கட்டடம் ஆள் புழக்கம் இல்லாமல் 30 நாளுக்கு மேல் கிடந்தால் பாதுகாப்பு அற்றுப்போகலாம். பிறருடைய சரக்கைக் கமிஷனுக்கு வைத்திருந்தால் அதைத் தனியே எழுதிச் சேர்த்திருக்க வேண்டும். குளிர்பதனக் கிடங்கில் வெப்பநிலை மாறிச் சரக்குக் கெட்டால் அது சாதாரணத் தீப் பாலிசியில் சேராது. சரக்கின் முழு மதிப்புக்கு இன்ஷூர் செய்யாமல் பாதிக்குச் செய்திருந்தால், நஷ்டத்திலும் பாதிதான் கிடைக்கும். சிறு, குறுந் தொழில்களுக்காக 2021 ஏப்ரல் முதல் வந்த ‘பாரத்’ பாலிசிகளில் 15 சதவீதம் வரை மதிப்புக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும் சலுகை உண்டு. அதற்கு மேல் குறைத்தால் அங்கேயும் இடிதான்.

கிடங்குக்காரரின் பொறுப்பு எவ்வளவு? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152 பிரிவுகள் அதைச் சொல்கின்றன. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தச் சரக்கைக் காப்பது போல் அவர் காக்க வேண்டும். அப்படிக் காத்தும் இழப்பு நேர்ந்தால், தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர் பொறுப்பல்ல. ஆகவே வாடகை ரசீதை இன்ஷூரன்ஸ் என்று நினைத்துவிடக் கூடாது. கிரெனடா பட்டறைக்காரர் சொன்னதைத்தான் நம் கிடங்குக்காரரும் சொல்வார்.

இங்கே அப்படி எதுவும் வந்ததில்லையே என்று சொல்கிறவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பார்க்கட்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதற்கு முந்தின நாள் வரை அங்கும் அப்படி எதுவும் வந்ததில்லை.

செய்ய வேண்டியவை

வெளியூரில் சரக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு உறுப்பினரும் பாலிசியை வெளியே எடுத்து நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்க்க வேண்டும். சரக்கு இன்று இருக்கும் கிடங்கின் விலாசம் பாலிசியில் இருக்கிறதா? அடுத்த சீசன் வரை அது அங்கேயே இருக்கும் என்றால், பாலிசியின் காலம் அதுவரை வருகிறதா? இன்றைய சந்தை விலைப்படி முழு மதிப்பும் எழுதப்பட்டிருக்கிறதா? நாம் ஊரில் இல்லாதபோது மழையோ புயலோ வந்தால் கிடங்கைத் திறந்து பார்க்கப் பொறுப்பான ஆள் யார்? சரக்குப் பல ஊர்களில் மாறி மாறி இருக்கும் என்றால் ‘புளோட்டர்’ பாலிசியும், இருப்பு ஏறி இறங்கும் என்றால் ‘டிக்ளரேஷன்’ பாலிசியும் கேட்டு வாங்கலாம். ஏஜெண்டு தாமாகச் சொல்ல மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

சங்கத்தின் வேலையும் இருக்கிறது. நிபந்தனைகளை ஒரே தாளில், தமிழில், பிரீமியம் வாங்கும் முன்பே தர வேண்டும் என்று கம்பெனிகளிடம் சங்கம் கேட்க வேண்டும். உறுப்பினர்கள் பயன்படுத்தும் வெளியூர்க் கிடங்குகளில் தரை உயரம், வடிகால், மின் இணைப்பு, தீயணைப்புக் கருவி ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துப் பதிவு செய்யலாம். கடல் இன்ஷூரன்ஸ் சட்டத் திருத்தத்தை நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் மனுவாகக் கொடுக்க வேண்டும். தனி வியாபாரி கேட்டால் விதி என்பார்கள். சங்கம் கேட்டால் விவாதம் என்பார்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இவற்றைச் செய்து முடிப்பது நல்லது. மழை தொடங்கிய பிறகு பாலிசியைத் தேடுகிறவருக்குப் பாலிசி கிடைக்கும். பாதுகாப்புக் கிடைக்குமா என்பது சந்தேகமே.